கிளிப் அத்தை

டக். டக். டக்.

மழை இறங்கப் போகிற ஒரு சாயங்காலம். மொட்டை மாடிக் கொடியில் காய்ந்த துணிகளிலிருந்து என் மனைவி அவசர அவசரமாகக் கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கிளிப்பும் துணியை விடும்போது ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், எல்லா வீட்டு மாடியிலும் கேட்கிற சத்தம். ஆனால் மாடிக் கதவோரம் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்த மகளின் பென்சில் நின்றுபோனது. பன்னிரண்டு வயது. தலை நிமிரவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும், யாரோ பின்னாலிருந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்ததுபோல், நேராகிவிட்டது.

ஏழு வருஷம் ஆயிற்று. அவள் முதுகில் கிளிப் போட்ட அந்த அம்மாவின் விரல்கள் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெற்றவர்களுக்கு மேடம். படம் எடுப்பவருக்கு அக்கா. பிள்ளைகளுக்குக் கிளிப் அத்தை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை. அதன் முந்தானை ஓரத்தில், தோளிலிருந்து இடுப்புவரை, இருபது முப்பது மரக் கிளிப்புகளை வரிசையாகக் கவ்வவிட்டிருப்பார். நடந்தால் காய்ந்த புளியங்காய் உரசுகிற மாதிரி ஒரு சலசலப்பு அவருக்கு முன்னால் வரும். திருப்பூரில் தைக்கிற குழந்தைத் துணி கடல் தாண்டுவதற்கு முன் அதற்கு ஒரு படம் வேண்டும். படத்துக்கு என்று வருகிற துணி ஒரே ஓர் அளவில்தான் வரும். அந்த அளவுக்கு ஒரு பிள்ளை வேண்டும். பிள்ளை கொஞ்சம் ஒல்லி என்றால் மிச்சத் துணியை முதுகுப் பக்கம் சுருட்டிச் சேர்த்து, டக், டக், டக். முன்னால் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. பின்னால் பார்த்தால் முள்ளம்பன்றி. பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ ஒரு பெண்மணி, உங்க பாப்பா கண்ணுக்கு விளம்பரத்துலயே வரலாமுங்க என்று சொன்னதுதான் தொடக்கம். மனைவி சிரித்துவிட்டு மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஆசை என்னுடையது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான் பெற்ற முகத்தை ஊர் முழுக்க அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றிருந்தது எனக்கு.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே, விளம்பரப் படங்களுக்குப் பிள்ளைகளைத் தேடிக் கொடுக்கிற அந்த அம்மாவின் ஏஜென்சி. கிளினிக்கை ஒட்டி ஒரு படிக்கட்டு: குறுகல், செங்குத்து, வளைவே இல்லாத இருபத்துச் சொச்சம் படிகள். மேலே நின்றால் கீழே தெருவில் போகிற ஆட்டோவின் கூரைவரை ஒரே கோடாகத் தெரியும். அந்தப் படிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அந்த அம்மா என் மகளின் முகத்தைப் பார்க்கவேயில்லை. டேப்பை எடுத்து உயரம், தோள், கை நீளம், பாதம் எல்லாம் அளந்தார். வாயைத் திறக்கச் சொல்லி முன்பல் ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“அழகுக்கு இங்க ஆளு எடுக்கறதில்லீங்க. அளவுக்குத்தானுங்க. இந்தப் பல்லு உழுந்தா அஞ்சாறு மாசம் வேலை இல்லை. ரெண்டு இஞ்ச் வளந்துட்டா வேற புள்ளை. அதுக்கெல்லாம் மனசு கஷ்டப்படறதா இருந்தா இப்பவே கூட்டிட்டுப் போயிருங்க.”

அவர் எதையும் மறைக்கவில்லை. என் பயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். பதிவு செய்யப் பணம் கேட்கிறவன் வீட்டுப் படி ஏறாதீர்கள் என்றார். முதலில் எங்களிடம் ஆல்பம் எடுங்கள், வாய்ப்பு அப்புறம் என்கிறவன் ஆல்பம் விற்கத்தான் கடை வைத்திருக்கிறான் என்றார். பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்புங்கள் என்று எவன் சொன்னாலும், அது எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள் என்றார். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது, நடுவில் ஓய்வு உண்டு, பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் கூப்பிட மாட்டேன், கலெக்டர் ஆபீசில் வாங்க வேண்டிய அனுமதியை நானே வாங்கிவிடுவேன் என்றார். பத்து நிமிஷ வேலைக்கு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அவள் விரும்பிச் சாப்பிடுகிறதைக் கட்டிக்கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு படம் அவர்களுடையது. அது எந்த ஊரில், எந்தப் பெட்டியில், எத்தனை வருஷம் கழித்து வரும் என்று எங்களுக்கே தெரியாது.

இதையெல்லாம் சொன்னபோது குரல் ஒருமுறைகூட உயரவில்லை. நாங்கள் ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஊர்க்காரர்கள்தான். ஆனால் அவர் பேசினால் அந்த ‘ங்க’ ஒவ்வொன்றும் சோப்பு போட்டுக் கழுவியதுபோல் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் மரியாதைதான். கொஞ்சம் திரும்புங்க சாமி. கையைக் கீழ விடுங்க அம்மணி.

பிறகு ஓர் அட்டையை நீட்டினார். ஒரு பக்கம் அளவுகள். மறுபக்கம் பெற்றவர்கள் நிரப்ப வேண்டியது. குழந்தை எதற்குச் சிரிக்கும். எதற்கு அழும். எதற்குப் பயப்படும்.

எவ்வளவு அக்கறையான இடம் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு தாய், பல்லி என்று எழுதினார். இன்னொருவர், ஊசி. எனக்கு எழுதுகிற பழக்கம் உண்டு. பேனா கையில் கிடைத்தால் நிறுத்தத் தெரியாது. எழுதினேன்.

முந்தின வருஷம் நானும் மகளும் வால்பாறையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்தோம். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. கடைசி சீட்டில் அவளைப் பக்கத்திலிருந்த எஸ்டேட்காரப் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிஸ்கட் வாங்க இறங்கினேன். நான் சில்லறை வாங்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பின்கண்ணாடியில் அவள் முகம். இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டு, வாய் பிளந்து, சத்தம் கேட்கவில்லை. அடுத்த வளைவில் கண்டக்டர் விசில் ஊதி நிறுத்தினார். இரண்டு நிமிஷம் இருக்காது. ஓடிப்போய் ஏறியதும் என் முகத்திலேயே அடித்தாள். இரண்டு கையாலும், பலம் இருக்கிறவரை.

இதை அட்டையில் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். பின்கண்ணாடியில் தன் அப்பா சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்த்தவள் இவள் என்று முடித்தேன். எழுதி முடித்ததும் நன்றாக வந்திருப்பதாகக்கூடத் தோன்றியது, தெய்வமே.

அவர் இரண்டு முறை படித்தார். அப்போதுதான் முதன்முறையாக என் மகளின் கண்களைப் பார்த்தார்.

அந்த இடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெற்றவர்கள் உள்ளேயே இருக்கலாம், ஆனால் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. பெற்றவரைப் பார்த்தால் பிள்ளையின் பார்வை ஓடிவிடும். அதனால் அவரவர் பிள்ளையின் முறை வரும்போது அவரவர் கறுப்புத் திரைக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். மற்றப் பிள்ளைகளின் முறையின்போது வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். அப்படித்தான் அந்தியூர்ப் பையனைப் பார்த்தேன்.

நான்கு வயது. அப்பா மாட்டு வியாபாரி, வெள்ளை வேட்டி, பெரிய குரல். பையன் ஈரோட்டிலிருந்தே அழுதுகொண்டு வந்திருக்கிறான். பலூன், பொம்மை, போனில் பாட்டு, எதற்கும் நிற்கவில்லை. அந்த அம்மா மேஜையிலிருந்து அவனுடைய அட்டையை எடுத்துப் பார்த்தார். வைத்தார். அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காதில் ஏதோ சொன்னார். நாலைந்து சொல் இருக்கும். கையெழுத்துக்கு நடுவில் பேனா மை தீர்ந்ததுபோல் அழுகை நின்றது. பையன் நிமிர்ந்து நின்றான். சிரித்தான். விளக்குகள் பளிச்சிட்டன.

திரைக்குப் பின்னாலிருந்து அழுகை நின்றதைக் கேட்ட அப்பா தலையை நீட்டினார். “ஏனுங்க மேடம், எங்கூருச் சந்தைக்கு வர்ற குதிரைகூட இப்படி நிக்காதுங்க. கடிவாளம் போட்டாலும் காலை ஒதைக்கும். என்னத்தைச் சொன்னீங்க?”

“சும்மா, கதைங்க” என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அப்போது பையனுடைய கால்சட்டையில் மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. யாரும் பார்ப்பதற்கு முன்னால் அவர் துண்டை எடுத்து அவன் இடுப்பில் சுற்றிவிட்டார். கை பட்டு ஜூஸைக் கொட்டிப்போட்டேனுங்க, தப்பு எம்மேலதான் என்று கம்பெனி ஆளிடம் சொன்னார். அவனைத் தூக்கிக்கொண்டு போய் அவரே கழுவி, அவரே மாற்று உடுப்பு போட்டு, தலையைத் தடவி அழைத்துவந்தார். அவன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும். அங்கே ஜூஸே இல்லை. எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே இறங்கியிருப்பேன். அடுத்தது என் மகளின் முறை.

அன்று அவளை நிறுத்தியதிலிருந்து திரைப் பக்கமே எட்டி எட்டிப் பார்த்தாளாம். சிரித்தால் வாய்தான் சிரித்ததாம். படம் எடுப்பவர் சலித்துக்கொள்வது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. பிறகு கிளிப்புகளின் சலசலப்பு அவளை நோக்கி நடந்தது. நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் ஒன்றும் கேட்கவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பிறகு கேமரா, தகரக் கூரையில் விழும் மழைபோல, நிற்காமல்.

படம் எடுப்பவர் மெதுவாகச் சொன்னார்: “அக்கா, கண்ணைப் பாருங்க.”

“ஆமாங்க. வெளிச்சம் வந்துருச்சு.”

என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். என் மகள்தான். ஆனால் அதற்கு முன்னால் நான் பார்க்காத மகள். இமை அசையாமல், கண் முழுசாகத் திறந்து, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு விளக்கு. உதட்டில் சிரிப்பு. தேவதை என்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவளைத் தூக்கினேன். உடம்பு விறைத்திருந்தது. களைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

அவர் நல்லவரா கெட்டவரா என்று மனைவி பிறகு பலமுறை கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. சித்திரை வெயிலில் குளிர்தேசத்துக்குப் போகிற கம்பளிச் சட்டைகளுக்குப் படம் எடுத்தார்கள் ஒரு நாள். கம்பெனி ஆள் இன்னும் இரண்டே இரண்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவர் ஒரு பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்தார். சுவருக்கு நடந்துபோய் விளக்குகளை அணைத்தார். “காது செவந்துபோச்சுங்க. இனி வேணுமுன்னா நீங்களே போட்டுட்டு நில்லுங்க, எடுத்துக்கலாம்.” அத்தனை மரியாதையாக. பிள்ளையின் உடம்பில் ஒரு கொப்புளம் வர விடமாட்டார். உள்ளே எதையாவது தொட்டால்தான் கண்ணில் விளக்கு எரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டையும் அதே விரல்கள் செய்தன.

நாலைந்து முறை போனோம். ஒரு குழந்தைத் துணிக் கடை மேட்டுப்பாளையம் ரோட்டில் அவள் முகத்தை மூன்று மாடி உயரத்துக்கு நிறுத்தியது. உறவுக்காரர்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்து அனுப்பினார்கள். நான் தினமும் வண்டியில் அந்த வழியாகவே போனேன், சுற்று வழி என்றாலும். போகும்போது அண்ணாந்து பார்ப்பேன். தாண்டிய பிறகு வண்டிக் கண்ணாடியில் பார்ப்பேன். கண்ணாடியில் அவள் சிறிதாகிக்கொண்டே போவாள், கண்ணை எடுக்காமல். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று ஒருநாள் தோன்றியது. பெற்ற மகளின் முகத்தைப் பற்றி அப்படித் தோன்றுமா. வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினேன். பிடிபடவில்லை.

பிடிபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குப்பை வண்டியின் மணி கேட்டு, பையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். இரண்டு நிமிஷம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் அவள் கதவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வலது கால் ஒரு அடி முன்னால். கை இடுப்பில். மோவாய் கொஞ்சம் தாழ்ந்து. கண் இமைக்கவில்லை. சிரிப்பு மட்டும் கன்னத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

யாருக்கு கண்ணு போஸ் என்று கேட்டேன்.

உதட்டின் சிரிப்பை விடாமலே பேசினாள். “சிரிச்சுட்டேதானுங்கப்பா இருந்தேன். பஸ்ஸு நின்னுருச்சுங்களா?”

அப்போது தெரிந்தது அந்த முகம். பின்கண்ணாடி முகம். அதில் அடிக்கிற கைகளை எடுத்துவிட்டு, பிளந்த வாயை மூடி, ஒரு சிரிப்பை வைத்தால் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிற முகம்.

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். அத்தை ஒவ்வொரு தடவையும் அதே கதையைத்தான் சொல்வார்களாம். பஸ்ஸு கெளம்பிருச்சு கண்ணு. அப்பா கீழயே நின்னுட்டாரு. அழுதா பஸ்ஸு வேகமாப் போயிருமுங்க. நல்லா சிரிச்சா நிக்கும். திரைக்குப் பின்னால் நான் இருக்கிறேனா என்று அவளுக்கு ஒவ்வொரு தடவையும் நிச்சயமில்லை. படம் முடிந்ததும் நான் வருவேன். ஆகவே கதை உண்மை. சிரித்தால் பஸ் நிற்கிறது. எத்தனை நாளாக வீட்டில் இப்படி நிற்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்கவே இல்லை, இன்றுவரை.

மறுநாள் போனேன். அவளை மனைவியிடம் விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன். சாவியை எடுத்ததும் மகள் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். கூட்டிக்கொண்டு போனேன்.

சத்தம் போடத்தான் படியேறினேன். அவர் எழுந்து, வாங்க, தண்ணி குடிக்கறீங்களா என்றார். எங்கள் பக்கத்தில் அந்த மரியாதைக்கு முன்னால் சத்தம் நிற்காது. அது ஒரு வியாதி. என் குரல் தணிந்துபோய், என் பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. அலமாரியைத் திறந்தார். செருப்புப் பெட்டிகளில் வரிசை வரிசையாக அட்டைகள். ஒன்றை உருவி என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து. ஓரத்தில் ஏறி, வளைந்து, மூலையில் முடிகிற என் கையெழுத்து.

“நீங்க எழுதிக் குடுத்ததுதானுங்க. இத்தனை வருசத்துல இவ்வளவு நல்லா யாரும் எழுதிக் குடுத்ததில்லை. பொம்மையைக் காட்டினா வாய் சிரிக்குமுங்க. கண்ணு சிரிக்காது. கண்ணுல வெளிச்சம் வேணுமுன்னா புள்ளை யாரையாவது தேடோணும்.”

அந்தப் பெட்டிகளைப் பார்த்து, எல்லோருமா எழுதுகிறார்கள் என்று கேட்டேன்.

“எழுதாம போன அப்பன் ஆத்தா ஒருத்தருமில்லீங்க.”

இனி அனுப்ப மாட்டேன் என்றேன். தலையசைத்தார். அட்டையைக் கிழிக்கவில்லை; என் கையிலேயே கொடுத்துவிட்டார். எடுத்த படங்களைத் திரும்ப வாங்க முடியாது என்று, நான் கேட்பதற்கு முன்பே வருத்தத்தோடு சொன்னார். அது வருத்தம்தான், நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு வருஷம் கழித்துத் தெரியாத ஊர் ஒன்றில், ஒரு கடையில், பனியன் பெட்டியின் மூடியில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்த பெட்டிகள் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். இன்னும் எந்தெந்த அலமாரி இருட்டில் நின்றுகொண்டு என்னைத் தேடுகிறாளோ. அன்றைக்குப் பஸ்ஸில் அடித்ததற்குப் பிறகு அவள் என்னை அடித்ததில்லை. கோபித்ததுகூட இல்லை. இந்தப் பன்னிரண்டு வயதிலும் நான் வெளியூர் கிளம்பினால் வாசலில் வந்து நின்று நன்றாகச் சிரித்துத்தான் வழியனுப்புகிறாள். எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

அன்று நான் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவளிடம், வா போகலாம் என்று சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினேன். ஆத்திரமாக இருந்தது, அவமானமாக இருந்தது, அந்த இடத்தைவிட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. எட்டுப் பத்துப் படிகள் இறங்கியிருப்பேன். பின்னால் செருப்புச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். வலது கால் ஒரு அடி முன்னால். கை இடுப்பில். கண் இமைக்காமல் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று பின்கண்ணாடியில் தெரிந்ததுபோல், அவளுக்கு நான் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தேனோ.

அவளுக்குப் பின்னால் அந்த அம்மா. கிளிப்புகள் சலசலக்கவில்லை, முந்தானையைக் கையில் ஒதுக்கிப் பிடித்திருந்தார். அவளைத் தொடவில்லை. குனிந்து காதில் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும், மெதுவாக, என்னைப் பார்த்துச் சொன்னார்.

“ஏனுங்க, நீங்க முன்னால எறங்காதீங்க. மேல வந்து, அவங்களை முன்னால உட்டு, நீங்க பின்னால எறங்குங்க.”